போர்வைக்குப் பின்னால் நின்றவன்

போன வாரம் தென்னூரில் ஒரு தையற்கடை வாசலில் திடீரென்று ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் காரணம் புரியவில்லை. எனக்கே இறங்கி நான்கு அடி நடந்த பிறகுதான் புரிந்தது. வெட்டிப்போட்ட துண்டுத்துணிகளைக் கடைக்காரர் ஒரு சாக்கில் திணித்துக் குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்தார். அந்தச் சாக்குக்குள் என் கை முழங்கைவரை போயிருந்தது.

"என்ன பண்றீங்க? எழுந்திருங்க முதல்ல. நம்ம தெருக்காரங்க யாராவது பார்த்தா, ரிட்டயர் ஆனதும் மனுஷனுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு பரிதாபப்படுவாங்க."

"நல்ல பாப்ளின். பச்சைக் கட்டம். இங்க பாரேன்."

"வீட்ல ரெண்டு பெட்டி நிறையக் கட்டம் இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே இருங்க."

நியாயமான பேச்சு. ஆனாலும் அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீடு இருக்கும் திருவானைக்காவல் வரும்வரை அதன் கஞ்சி வாசனை வந்துகொண்டே இருந்தது. புதுத்துணியின் இந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் ஒரு ஆவி கிளம்பும் பாருங்கள், அது வேறு. எனக்கு அந்த வாசனை என்றால் ரெஜினா டீச்சர் வீட்டு மாடி. சனிக்கிழமை மாலை மூன்று மணி.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ரெஜினா டீச்சர் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தென்னூரில் சொந்த வீடு. மாடியில் ஒரு நீளமான கூடம், இரண்டு தையல் மெஷின், ஒரு பெரிய மேஜை. சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே கூடி, துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பார்கள். திருச்சியில் போர்வை! மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில், நடுவில் பஞ்சு வைத்த போர்வை தைக்க ஒரு கூட்டம் இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

அதில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்றால், சேரவே இல்லை. சேர்ந்தது என் மனைவி. நான் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவன். இரண்டு மணி நேரம் எங்கே போவது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் காலாட்டல் பொறுக்காமல் டீச்சர் ஒரு ஊசியையும் இரண்டு துண்டையும் கொடுத்து, "இதைச் சேர்த்துத் தைங்க, கால் தானா நிக்கும்" என்றார். நின்றது. மனைவிக்கு மூன்றாவது வாரமே அலுத்துவிட்டது. "நான் கத்துக்கப் போனேன், இவரு அங்கேயே தங்கிட்டாரு" என்று இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கியதற்குக் காரணம் தையல் அல்ல. அப்போது நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். திங்கள் முதல் வெள்ளிவரை மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கியம், "என்ன சார் இது?" சனிக்கிழமை என் முதல் சதுரத்தை டீச்சர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு பக்கமும் நான்கு திசைக்குப் போயிருந்தது. டீச்சர் சொன்னார்: "கோணல்கூட எல்லாப் பக்கமும் ஒரே சீரா வந்திருக்கு. கைப்பழக்கம் வந்துடுச்சு உங்களுக்கு." சிரிக்காதீர்கள். காவிரிப் பாலம் முழுக்க நான் வாய்க்குள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாராவது தைத்ததைக் காட்டினால் பார்ப்பவர்கள் நல்லது மட்டும்தான் சொல்ல வேண்டும். குறை சொன்னால் அடுத்த வாரம் எல்லோருக்கும் போண்டா வாங்கிவர வேண்டும். இந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. உப்பிலியபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண், தான் தைத்த முதல் தலையணை உறையைக் கொண்டுவந்தாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த உற்சாகத்தில் நான், "என்னம்மா, கால்மிதியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் டீச்சர் சட்டத்தை அறிவித்தார். அறிவிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசம்.

அதன்பின் நான் முழுக்க மாறிவிட்டேன். பாராட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நூல் சிக்கியிருந்தால் "மலைக்கோட்டைக்குப் போற வழி மாதிரி அழகா வளைஞ்சு போகுது" என்பேன். நான் பாராட்டுவதைக் கேட்கவே சிலர் அவசரமாகத் தைத்துக்கொண்டு வந்தார்கள். வேடிக்கையாகப் பேசுகிறவனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், என்ன பேசினோம் என்று திரும்பிப் பார்க்க மாட்டான்.

மாலதி ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். அங்கே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகள் நித்யா. அந்த மகள் தனக்குப் பிடித்த பையனைச் சொன்ன நாளிலிருந்து மாலதி அவளோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தார். சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, அவ்வளவுதான் ஒரு வருடமாக. கடைசியில் கல்யாணமும் அவர் சம்மதத்தோடுதான் நடந்தது, ஆனால் பேச்சு திரும்பவில்லை. மகள் கனடாவுக்குக் கிளம்ப ஒரு மாதம் இருந்தபோது, அவளுடைய பழைய பாவாடை, யூனிஃபார்ம் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"அங்க ரொம்பக் குளிராமே சார். நல்லா இழுத்துப் போத்திக்கிட்டு என்னைத் திட்டட்டும்" என்றார்.

இரவு பகலாகத் தைத்தார். நித்யா கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மேல்துணி தயாராகிவிட்டது. அதாவது, சதுரங்களைச் சேர்த்துத் தைத்த முன்பக்கம். இனி பஞ்சை வைத்து, அடித்துணியைப் போட்டு மூடிவிட்டால் போர்வை முடிந்தது. அந்தச் சனிக்கிழமை டீச்சர் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார்.

பெரிய துணியைத் தூக்கிப் பிடிக்க அந்தக் கூடத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் உயரத்துக்கு அதுவரை உலகத்தில் கிடைத்த ஒரே வேலை அது. நான் மாலதியின் துணியை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் பெண்கள் எல்லோரும் "ஆஹா" என்றார்கள். பின்னால் நான் மட்டும்.

ஜன்னல் வெளிச்சம் துணிக்குள் புகுந்து என் முகத்தில் விழுந்தது. தையல் போட்ட இடங்களிலெல்லாம் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஓரத்தில் கால் இன்ச் துணியை உள்ளே விட்டுத் தைக்க வேண்டும். டீச்சர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. மாலதி அதை விடவில்லை. மகளின் பாவாடை உள்ளே மறைந்து வீணாகிறதே என்று, நூலிழை அளவு மட்டும் விட்டு ஓரத்திலேயே தைத்துக்கொண்டு போயிருந்தார். ஓரங்கள் இப்போதே பிசிர்விட்டிருந்தன. ஒரு முறை வாஷிங் மெஷினில் போட்டால் போதும், எல்லாம் பிரிந்துவிடும். அரைகுறைத் தையற்காரனான எனக்கே அது தெரிந்தது.

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாலதியின் குரல் கேட்டது. "சார், பின்பக்கம் எப்படி இருக்கு?"

கேட்டார். நேராகவே கேட்டார். அதை நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

"முன்பக்கத்தை விட இதான் பிரமாதம்! என்னை இப்படியே உள்ள வச்சுத் தைச்சிடுங்க, நானும் கனடா பார்த்துட்டு வரேன்" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. மாலதிதான் அதிகம் சிரித்தார். ஒரு வருடமாக அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். அன்று மாலை பாலத்தின்மேல் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைத் தாண்டிப் போகும்போது, ஜன்னலோரம் அவர் இருப்பாரோ என்று முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மீதிப் பாதி அதில் இருந்தது.

போர்வை விமானம் ஏறியது. துவைக்கவே மாட்டார்கள், அலமாரியில் பத்திரமாக வைப்பார்கள் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலதி பையே இல்லாமல் வந்தார். மேஜைமேல் போனை வைத்து டீச்சரிடம் ஒரு படத்தைக் காட்டினார். மாப்பிள்ளை வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, அலமாரி மேலே ஒரு பிளாஸ்டிக் பையில் போர்வை மாதிரி என்னவோ தெரிந்ததாம். "அதைப் பிரிச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை" என்றாராம். அவரும் பாவம், விஷயம் தெரியாமல் காட்டிவிட்டார்.

"எங்க டாக்டர்கிட்ட வர்ற வாய் மாதிரி இருந்துச்சு டீச்சர். அங்கங்க ஓட்டை, அங்கங்க தொங்குது."

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஓரமே விடலையேம்மா. மூடறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை யாரும் பார்க்கலையா?"

"சார் பார்த்தாரு."

மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மாலதி என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதா சார் அன்னிக்கு?"

ஒரு வேடிக்கை வாய்வரை வந்தது. அதுதான் என் லட்சணம். விழுங்கிவிட்டு, "தெரிஞ்சுது" என்றேன்.

"பத்து நாள் இருந்துச்சு சார். பிரிச்சுத் தைச்சிருப்பேன்ல? ஒரு போண்டாவுக்காகவா?"

அவரே தொடர்ந்தார். "போர்வை போகட்டும். அது போனப்புறம்தான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம். நித்யா வாராவாரம் போன்ல என்ன சொன்னா தெரியுமா? 'சூப்பரா இருக்கும்மா, தினம் அதைத்தான் போத்திக்கிறேன்'னு. நிஜத்தைச் சொன்னா அம்மா மறுபடி பேசாம இருந்துடுவாளோன்னு அவளுக்குப் பயம். அவளுக்காவது அது நியாயம். உங்களுக்கு என்ன சார்?"

டீச்சர் போனை மாலதி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "இனிமே போண்டா நானே போட்டுடறேன். நீங்கல்லாம் வாயைத் திறங்க" என்றார்.

மாலதி இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார். நேராக என்னிடம் வந்து, புதிதாகத் தைத்த ஒரு துணியைக் கவிழ்த்துப் போட்டு, "சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டே இரண்டு குறை. உட்கார்ந்து பிரித்துத் தைத்தார். அதன்பின் ஒன்றரை வருடம், எந்தத் துணியின் முன்பக்கத்தையும் அவர் எனக்குக் காட்டவே இல்லை. மற்றவர்கள் வண்ணத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள், நான் முடிச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு அவர் கொடுத்த தண்டனை என்று அப்போது நினைத்தேன். பதவி என்று பிறகு தோன்றியது.

நித்யாவின் பிரசவத்துக்காக மாலதி கனடா போனார். போய் மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு படம் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல, எனக்கு மட்டும். அந்தப் போர்வைதான். அடித்துணியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தையலையும் பிரித்து, கால் இன்ச் உள்ளே விட்டு மறுபடி தைத்த பின்பக்கம். கீழே ஒரு வார்த்தையும் இல்லை. "சூப்பர்" என்று அடித்தேன், அழித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்து, "மூணாவது வரிசை இடது ஓரம் கொஞ்சம் இழுக்குது" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "அது நித்யா தைச்சது. கோணலா இருக்குன்னு சொன்னேன். உனக்கு வாயே சரியில்லம்மான்னு அரை மணி நேரம் சண்டை போட்டா. ஓரம் விட்டதுல போர்வை சின்னதாயிடுச்சு சார், அவளுக்குக் கால் வெளியே தெரியுது. அதுக்கும் ஒரு சண்டை."

அவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்குச் சண்டையைப் பற்றி எழுதியதில்லை.

மாலதி அங்கேயே தங்கிவிட்டார். டீச்சருக்கு முட்டிவலி, பெங்களூரில் மகனோடு இருக்கிறார். மாடிக் கூடத்தில் இப்போது ஏதோ நுழைவுத்தேர்வுப் பயிற்சி நடக்கிறது. சனிக்கிழமை மாலை படிக்கட்டு முழுக்கச் செருப்பு. குழு மட்டும் போனில் இருக்கிறது, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பெரிதாகியும் விட்டது. நல்லவர்கள். யார் எதைப் போட்டாலும் நிமிடத்தில் ரோஜாப்பூ, கைதட்டல். நானும் தவறாமல் போடுகிறேன்.

போன மாதம் ஒரு மேல்துணி தைத்து முடித்தேன். கட்டிலில் கவிழ்த்துப் பரப்பி, பின்பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஓரம் இரண்டு இடத்தில் குறைந்திருந்தது எனக்கே தெரியும். யாராவது சொல்கிறார்களா என்று பார்த்தேன்.

ஒரு பெண் எழுதினாள். "அங்கிள், போட்டோவை மாத்தி எடுத்துட்டீங்க. முன்பக்கம் போடுங்க."

"கவனிக்கலம்மா" என்று எழுதிவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு எடுத்து அனுப்பினேன். நாற்பது ரோஜாப்பூ வந்தது.