காளிராஜ் கவனிக்கத் தவறவில்லை

உலை எரிந்து எரிந்து அணைகிறது என்று சொல்வதற்காகத்தான் அன்று காலை பர்னர் மெக்கானிக் காளிராஜைப் போனில் அழைத்தேன். அவருடைய மகள் எடுத்தாள். அது அவர் குரல் அல்ல என்பதைக்கூடக் கவனிக்காமல் என் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவள் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மா, அப்பா நேத்துச் சாயங்காலம் தவறிட்டாக. நெஞ்சு வலிக்குன்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இன்னைக்குப் பத்து மணிக்கு எடுக்கோம்" என்றாள்.

சூலக்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். கம்பெனிக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற இருவர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "தங்கமான ஆளுய்யா. அந்தக் குருவிக்கூடு விசயத்துல மட்டும் அசந்துட்டாரு." நான் கையில் மாலையுடன் நின்றேன். மறுத்துச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். அங்கேயும் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுவது அதற்காகவே.

தாயில்பட்டியில் எங்களுடையது குழாய் கம்பெனி. பட்டாசுக்கான காகிதக் குழாய்களைச் சுற்றி, பசை உலர்த்தி, பட்டாசு கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். எங்களிடம் வெடிமருந்து கிடையாது. வெயில் காலத்தில் குழாய்கள் முற்றத்தில் காயும்; மழை வந்தால் காயாது. என் கணவர் காலமான பின் நான் சுயமாக முடிவெடுத்து வாங்கிய முதல் இயந்திரம் அந்தக் கேஸ் உலை. தனியாக ஒரு சிறு அறையில் அது எரியும். அதன் வெப்பக் காற்றை ஒரு விசிறி பக்கத்து உலர்த்தும் அறைக்குத் தள்ளும். "அம்மாவுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

அது முதல் முறை நின்றபோது வந்தவர் காளிராஜ். கருவிப் பெட்டியைத் திறக்காமல், ஒரு முக்காலியைப் போட்டு உலையின் எதிரில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அணைந்தது. மறுபடி அழுத்தச் சொன்னார். நான்காவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வேடிக்கை பார்க்கவா உங்களைக் கூப்பிட்டேன்?"

"ஆமாம்மா, வேடிக்கைதான் பாக்கேன்" என்றார். "மொதல்ல விசிறி ஓடணும், பெறகு பொறி வரணும், பெறகு கேஸு. எந்த எடத்துல நிக்கிதோ அங்கனதான் நோவு. இது பத்திக்கிடுது, ஆனா பத்திக்கிட்டது அதுக்கே தெரியல." சுடரை உணரும் சிறு கம்பியைக் கழற்றினார். அதன்மேல் காகிதத் தூசி கருகிப் படிந்திருந்தது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துத் திரும்பப் பொருத்தினார். அது பிழைத்துக்கொண்டது. உலை அணையாமல் எரிந்தது.

இன்னொரு முறை, சீசன் உச்சத்தில், காற்றழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்ச் கெட்டுவிட்டது. புதியது வர மூன்று நாளாகும். இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டினால் ஓடுமாமே என்று கேட்டேன். யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஓடும்மா. வாயக் கட்டிப் போட்டுட்டு ஓடவிடுறதுக்குப் பேரு ரிப்பேரு இல்ல" என்றார். மூன்று நாளும் உலை ஓடவில்லை. நான் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் சுவிட்சோடு வந்து, "கோவம் ஆறிருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இனி அந்த நாள்.

உலை அறைச் சுவரின் கீழே, சாலையைப் பார்த்தபடி, வலை போட்ட ஒரு காற்று வழி உண்டு. மழை இருட்டிய ஒரு பிற்பகல், லோடு ஏற்ற வந்த பட்டாசு கம்பெனி டிரைவர் அந்த வலை வழியாகச் சுடரின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, நெருப்பு கண்ணுக்குத் தெரியுது? இங்கன வண்டிய நிறுத்தச் சொல்றீகளே, வெளையாடுறீகளா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் நெருப்பைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. எனக்கோ ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் இல்லாதபோது, நானே இரண்டு சாக்குகளை அந்த வழியில் திணித்து, வெளியே ஒரு தகரத்தையும் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் மறைந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்ததாக நினைத்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து உலர்த்தும் அறைப் பெண்கள் தலைவலி என்றார்கள். "சாப்பிடாமல் வந்தால் தலை வலிக்கத்தான் செய்யும்" என்று அதட்டினேன். ஐந்தாம் நாள் அவர்களில் முத்துமாரி என்பவள் குழாய்த் தட்டோடு சரிந்து விழுந்தாள். அவளை முற்றத்தில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, உலை அணைந்து அணைந்து எரிகிறது என்று காலையில் நான் சொல்லி அனுப்பியதற்காகக் காளிராஜ் வந்து சேர்ந்தார்.

முதலில் கேஸை மூடினார். எல்லோரையும் வெளியே இருத்தி, முத்துமாரியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அறைக் கதவுகளைத் திறந்துவைத்து நெடுநேரம் காத்திருந்தார். பிறகு கேஸைத் திறந்து, உலை அறைக் கதவை மட்டும் சாத்திவிட்டு, ஒரு நிமிடம் எரிய விட்டார். நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக நாக்கை நீட்டியது. என் மேசையிலிருந்த சாமி படத்தின் முன்னிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, புகைபோக்கி அடியில் பிடித்தார். புகை மேலே ஏறவில்லை. திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. அணைத்துவிட்டு, "நெருப்புக்கு மூச்சு முட்டுதும்மா. அது விட்ட நஞ்சுக் காத்துதான் இந்தப் பிள்ளைகளுக்குப் போயிருக்கு" என்று மெல்லச் சொன்னார். சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். நானும் போனேன். தகரத்தை நகர்த்தி, சாக்குகளை உருவினார். என் முகத்தைப் பார்த்தார். கேட்க எதுவும் இருக்கவில்லை.

முற்றத்துக்குத் திரும்பியதும், "காத்து வர்ற வழி அடைச்சிருந்துச்சு" என்றார்.

"யாருண்ணே அடைச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் போதுமான நேரம் கொடுத்தார். தவறு செய்தவர்கள், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நிற்க வேண்டும் என்று கான்வென்டில் படித்தவள் நான்; அதையே பிறருக்குப் பல முறை போதித்தவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குருவி கூடு கட்டியிருக்கு" என்றார் காளிராஜ்.

"போன மாசந்தானண்ணே பாத்துட்டுப் போனீக? குருவி குடும்பம் நடத்துற வரைக்கும் தெரியலையாக்கும்?"

"தெரியாமப் போச்சு தாயி. தப்புதான்."

முத்துமாரி இரண்டு நாளில் தேறி வந்தாள். அந்தப் பேச்சு தேறவில்லை. ஊருக்குள் போயிற்று. பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் போன் செய்து, "உங்க பர்னர்காரர் அம்புட்டு அசமந்தமாமே? எங்களுக்கும் அவர்தான் பாக்காரு" என்றார். நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். அந்த மழைக்காலத்திலேயே அங்கு வேறு ஆள் வந்துவிட்டார். பிறகு இன்னும் சில இடங்களில். காளிராஜ் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மாதந்தோறும் வந்தார். வந்தவுடன் சுவரைச் சுற்றிப் பின்னால் போய், காற்று வழியில் உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் மேசையில் குனிந்திருப்பேன்.

காளிராஜின் காரியம் முடிந்த மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன் பெண்களை முற்றத்தில் கூட்டினேன். கூடு எதுவும் இருக்கவில்லை, சாக்கைத் திணித்தது நான், காளிராஜ் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று சொன்னேன். முத்துமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எனக்கு மயக்கம் வந்தது போகட்டும்மா. அந்த மனுசன இத்தன வருசமா நாங்க குருவிக்காரரு குருவிக்காரருன்னு கேலி பண்ணிட்டு இருந்தோமே. அவரும் சிரிச்சுக்கிட்டே போவாரு. ஒரு நாளாவது நீங்க சொல்லியிருக்கலாம்லம்மா."

சொல்லியிருக்கலாம்.

அவரைக் கூப்பிடுவதை நிறுத்திய கம்பெனிகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்லி வருகிறேன். இன்னும் இரண்டு இடம் பாக்கி. அவர் மகளிடம் சொன்னபோது, "அப்பா வீட்டுலயும் குருவின்னுதான்மா சொன்னாக" என்றாள். காளிராஜிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. உலையைப் பற்றவைக்கும் முன் தினமும் பின்னால் போய்க் குனிகிறேன். என் வயதுக்கு அது எளிதாக இல்லை. வலையின் முன் உள்ளங்கையை வைத்துக் காற்று உள்ளே போவதை உணர்ந்த பிறகே எழுந்திருக்கிறேன். பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும்.