கண்ணாடியைக் கழற்றாத ஆனந்தவல்லி மாமி

வலியசாலை ஆனந்தவல்லி மாமி நேற்று விடியற்காலை காலமானார். தூக்கத்திலேயே… தொந்தரவில்லாத சாவு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரசு ஆபீஸில் ஆடிட் பார்த்து ரிட்டயர் ஆனவர். சோடாபாட்டில் கண்ணாடி. பறவை பார்க்கிற பைத்தியம்.

நான் சங்கரன்கோவிலிலிருந்து வந்து, பிளாட்பாரத்தில் கூலிங் கிளாஸ் விற்று, சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பைனாகுலர் கடை போட்டவன். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. மாமி அதில் முதல் ஆள்.

முதல்நாள் கடைக்குள் வந்ததும் கேட்டார். “முதலாளி, கண்ணாடியைக் கழட்டாமப் பாக்கற ஸ்கோப் இருக்கோ?”

ஸ்பாட்டிங் ஸ்கோப்… ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற டெலஸ்கோப். இருப்பதிலேயே பெரிய ஜூம், பெரிய விலை எதுவோ அதை எடுத்து வைத்தேன். வியாபாரி வேறென்ன செய்வான்?

பார்த்தார். “சாவித்துவாரம் வழியா அடுத்தாத்தைப் பாக்கற மாதிரின்னா இருக்கு!”

“கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க மாமி.”

“கழட்டினா ஸ்கோப் எங்கே இருக்குன்னே தெரியாது. அப்புறம் குருவி எங்கேன்னு வேற தேடணுமா?”

கடையில் நின்ற கஸ்டமர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பறவைக் குழுவோடு கல்லாறு போவாராம். காட்டுக்குள் தீக்காக்கை வந்து உட்காரும். நெஞ்செல்லாம் சிவப்பு. எல்லாரும் “கண்டு, கண்டு”, அதாவது பார்த்தாச்சு என்று குதிப்பார்கள். மாமிக்கு மட்டும் குழுவின் ஸ்கோப்பில் கறுப்பாக ஒரு பிறைதான் தெரியுமாம்.

“சும்மா கண்டுன்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்றேன்.

“பாக்காததைப் பாத்தேன்னு கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கில்லை, கேட்டேளா? ஒரு கண்ணு ஏற்கெனவே மங்கியாச்சு. இன்னொண்ணும் ரொம்ப நாள் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள பாத்துடணும்.”

அதற்கு மேல் பெரிய ஜூமைத் தள்ளிவிட மனசு வரவில்லை…

விஷயம் ஐ ரிலீஃப். லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் முழு வட்டம் தெரியும் என்கிற கணக்கு. கண்ணாடிக்காரர்களுக்கு அது நீளமாக வேண்டும்.

டப்பாவில் போட்டிருக்கும் மில்லிமீட்டரை மாமி நம்பவில்லை. லென்ஸ், கண்ணை ஒட்டி வைக்கிற ரப்பர் கப்புக்குள் குழிந்து கிடப்பதால் அதில் கொஞ்சம் வீணாய்ப் போகும் என்றார். அதுவும் உண்மைதான்.

மாமியின் டெஸ்ட்டே தனி. தெருக்கோடிக் கடையின் போர்டுக்கு ஸ்கோப்பைத் திருப்பினார். தலையை அசைக்காமல் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே நேரத்தில் தெரியணும். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஜூமே இல்லாத ஒரு ஐபீஸில், அதாவது கண் வைக்கிற லென்ஸில், வந்து நின்றார். “இது கொள்ளாம், நன்னாருக்கு.”

சரி, பில் போடலாம் என்று பார்த்தால்… “கல்லாறுல பாத்துட்டுத்தான் பணம். டெமோ பீஸ் வேண்டாம். எனக்குத் தரப்போற புது பீஸையே கொண்டு வரணும்.”

பணம் வாங்காமல் என் கடையை விட்டு ஒரு ஸ்க்ரூகூட வெளியே போகாது. அதனால் பீஸோடு நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஷூவுக்குள் அட்டைப்பூச்சி.

தீக்காக்கை வந்தது. குழு மொத்தமும் மூச்சைப் பிடித்து நின்றது. மாமி குனிந்தார்.

“மாமி, கண்டோ?” என்று குழுவில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

“இல்லை.”

கடையில் முழு வட்டம் தெரிந்த அதே மாடல்!

மாமி ரப்பர் கப்பைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னை முறைத்தார். விற்காவிட்டால் புதுசாகவே திரும்ப அலமாரிக்குப் போகணுமே என்று கப்பைச் சுற்றி கம்பெனி போட்டிருந்த பிளாஸ்டிக் சீலை நான் பிரிக்கவேயில்லை. சீல் இருந்தால் கப் கீழே இறங்காது. இறங்காவிட்டால் கண்ணாடி போட்ட கண் தூரத்தில்தான் நிற்கும்.

“முதலாளி, இதைக் கிழிக்கப் போறேன்.”

“ஐயோ மாமி, கிழிச்சா வாங்கணும்!”

“அது பறந்துபோனா நீங்க கொண்டு வருவேளா?”

சர்ரென்று கிழித்தார். கப்பை அழுத்தித் திருகி இறக்கினார். குனிந்தார்.

ஃபோகஸை லேசாகத் திருகினார்.

“அது என்னைப் பாக்கறதுடா…” என்றார். அதுவரை என்னை ‘டா’ போட்டதில்லை.

அடுத்த நிமிஷம் “கண்டூ!” என்று போட்டார் பாருங்கள் ஒரு கூப்பாடு… தீக்காக்கை பறந்தே போய்விட்டது. குழுவே திட்டியது. மாமி சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

என் ஸ்கோப், என் பெட்ரோல், என் கால் ரத்தம். பறவையைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். “டிஸ்கவுண்ட் எவ்வளவு?” என்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

பிறகு பல ஞாயிறுகள் போனோம். நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தால் முதுகில் தட்டி “போறும், நகருங்கோ” என்பார்.

போன வருஷம் மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணிலும் பார்வை குறைந்தது. “சிவப்பு மட்டும் தெரியறது. அது எங்கேயும் போகலை” என்று சந்தோஷமாகவே சொன்னார்.

நேற்று எல்லாம் முடிந்தபின் மகள் விஜி ஸ்கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “அங்கிள், நீங்களே எடுத்துக்கோங்கோ.”

“நான் ஓசியில எதையும் வாங்குறவன் இல்லம்மா.”

“அப்போ டெர்ம்ஸ் சொல்லுங்கோ.” கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்… அவ அம்மாவேதான்!

சந்தோஷமா போங்க மாமி. நல்ல கண்ணு உங்களுக்கு.

நானும் விஜியும் பேசி முடித்தது இது. ஸ்கோப் கல்லாறு குழுவுக்கு, விற்பனை கிடையாது. சர்வீஸ் செலவு கடைக் கணக்கு. குழுவில் கண்ணாடி போட்டவர்களுக்கே முதல் பார்வை, அவர்கள் “கண்டு” என்று சொல்லும்வரை மற்றவர்கள் காத்திருக்கணும்.