கம்பளிக் கரடி

இறம்பொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பங்களா நாய்க்காரர். துரையின் வேட்டை நாய்களுக்கு இறைச்சி போட்டுச் சோறாக்குவார், குளிப்பாட்டுவார், உண்ணி பொறுக்குவார். துரை மேலே புல்வெளிக்கு மரைமான் வேட்டைக்குப் போனால் நாய்களைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது துப்பாக்கியையும் சுமந்து கூடப் போவார். அந்த இறைச்சி வேகும் வாசனை காற்று திரும்பினால் நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் வரும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டே, "நானும் உங்க பட்டியில ஒரு நாயா இருந்திருக்கலாம்" என்று அவரைச் சீண்டுவேன். அவர் சிரிப்பார். அதிகம் பேசாத மனிதர்.

நான் நேர்மாறு. எதையும் துருவித் துருவிக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால், துரை இந்த லீவுக்குச் சீமைக்குப் போகப் போவதில்லை, கனடாவுக்குப் போய்க் கரடி சுடப் போகிறார் என்று ஒருநாள் சாயந்திரம் அவர் சொன்னதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

"கரடி சுட அம்புட்டுத் தூரமா? இங்கயே கீழ்நாட்டுக் காட்டுல கரடி இருக்கே?"

"இது வேற கரடியாம். எந்திரிச்சு நின்னா பங்களா வாசக்கதவு ஒசரம் இருக்குமாம்."

"என்ன திங்கும்?"

"மீனு திங்குமாம். ஆத்துல நின்னுக்கிட்டுப் புடிச்சுத் திங்குமாம்."

மீன் தின்னும் கரடியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மறுநாள் கொழுந்து மலையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பனிக்காலம் முழுக்க அது குகைக்குள் தூங்கும் என்று அதற்கடுத்த நாள் சொன்னபோது பக்கத்து நிரைக்காரி கேட்டாள்: "அப்ப காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு யாரு எழுப்புவா?" மலை முழுக்கச் சிரிப்பு. என்ன சத்தம் அங்கே என்று கங்காணி மேலிருந்து கத்தினார்.

அப்புறம் தினமும் அதே பேச்சுத்தான். துரை பங்களா விறாந்தையில் பெரிய உலகப் படம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். முதலில் கொழும்பு, அங்கிருந்து கப்பல், மறுபடி ஒரு கப்பல், பிறகு நாள் கணக்கில் ரயில், கடைசியில் குதிரை. கரடி எந்த மலையில் எந்தப் பக்கம் மேயும் என்று தெரிந்த ஆள் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார், அவர் கூட்டிக்கொண்டு போனால்தான் சுட முடியும், கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. லயத்தில் அவருக்குக் 'கரடிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம். முகம் தெரியாத அந்த மனிதருக்குப் பெண்டாட்டி உண்டா, அவள் பயப்பட மாட்டாளா, அவர் என்ன சாப்பிடுவார் என்றெல்லாம் நான் யோசித்தேன். என் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பங்களாவுக்குப் போவார். துரைக்கு நல்ல மனநிலை இருந்த அன்று பதில் கிடைக்கும்.

பிறகு ஒருநாள், "நீயும் வருகிறாய்" என்று துரை அவரிடம் சொல்லிவிட்டார். வருகிறாயா என்று கேட்கவில்லை. தெரியாத ஊரில் தெரியாத ஆளை நம்பி இரண்டாவது துப்பாக்கியைக் கொடுக்கத் துரைக்கு மனம் வரவில்லையாம்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். இது இரண்டாவது. முதல் பிள்ளை பிறந்தபோது அவர் துரையோடு மேலே புல்வெளியில் இருந்தார். பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். ஆள் அனுப்பி அவர் வந்து சேர்வதற்குள் மண் போட்டாகிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை.

கனடாவுக்குப் போனால் திரும்பிவர எப்படியும் அரை வருஷத்துக்கு மேலாகும் என்றார்கள். அதற்குள் எனக்குப் பிள்ளை பிறந்துவிடும். முடியாது என்று துரையிடம் சொல்ல முடியுமா? சொன்னால் நாய்ப்பட்டி வேலை போகும். துரைக்குக் கோபம் மிஞ்சினால் தோட்டத்தை விட்டு நீக்கும் பத்துச்சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, லயத்தைக் காலி பண்ணு என்பார். அந்தச் சீட்டோடு வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைய வேண்டும். என் மாமியார் மூலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் போகத்தான் வேண்டும் என்றான பிறகு அழுது என்ன ஆகப் போகிறது? "போயிட்டு வாங்க. அந்தக் கரடி எப்புடி இருக்குன்னு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றேன்.

கரடிக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தாராம். அடிபட்ட கரடி ஆளைப் பார்த்து ஓடிவரும். அப்போது இரண்டாவது துப்பாக்கிக்காரன் ஓடாமல் நின்று சுட வேண்டும். அதற்கு நெஞ்சுரம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். துரை அதைப் பரீட்சை பண்ணத் தீர்மானித்தார். அதற்கு ஒரு பொம்மைக் கரடி வேண்டும். தைக்கும் வேலை என்னிடம் வந்தது.

மழைக்குப் போர்த்திப் போர்த்தி நைந்துபோன கறுப்புக் கம்பளிகளை லயம் லயமாக வாங்கினேன். மானாப்புல்லை உள்ளே திணித்து, கோணி ஊசியால் தைத்தேன். பல்லுக்குத் தேங்காய்ச் சிரட்டையை உடைத்து வைத்தேன். காது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்து, வீட்டுக்காரரை மறுபடி பங்களாவுக்கு விரட்டினேன். சின்னக் காதுதான், வட்டமாக இருக்கும் என்று பதில் வந்தது. முடிந்ததும் மாமியார் எட்டிப் பார்த்து, "கரடியா இது? தின்னு கொழுத்த பன்னி மாதிரில இருக்கு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்த்தி வைத்தால் எங்கள் காம்பராக் கூரை இடிக்கும் உயரம்! அதைத் தூக்கிக்கொண்டு போய் நாய்ப்பட்டிக் கொட்டிலில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் பக்கத்துப் புல்மலைச் சரிவில் பரீட்சை. கீழே துரையும் என் வீட்டுக்காரரும் துப்பாக்கியோடு நின்றார்கள். மேலே, சாக்குப் போட்டு மூடிய கரடியைச் சில்லு வைத்த பலகையில் ஏற்றி, கயிறு பிடித்துச் சரிவில் விட நாலைந்து ஆண்கள் நின்றார்கள். நாங்கள் எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே பார்த்தோம். மேற்பார்வைக்கு நின்ற கண்டாக்கையாவும் எங்களை விரட்டவில்லை. அவருக்கும் பார்க்க ஆசை.

சாக்கை உருவினார்கள். என் கரடியின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. நெற்றியில் கைப்பிடி குங்குமம். கழுத்தில் சாமந்திச் சரம்.

தோட்டத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்துவிட்டால் அது அந்த மலைக்குக் காவல் சாமி. அப்புறம் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கள் மலையிலேயே ஒரு முனி மரத்தை வெட்ட ஆள் வராமல், அதைச் சுற்றித்தான் தேயிலை நட்டிருந்தார்கள். மேலே நின்ற ஆண்கள் கயிற்றைப் போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். கரடி தானாக உருண்டு இறங்கியது. துரை கையை வீசி, சுடு சுடு என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் தரையில் கிடத்திவிட்டு, ஓடிவரும் கரடிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கரடி ஒரு கல்லில் மோதி அவருக்கு எட்டடி தள்ளிக் கவிழ்ந்தது. எதிர் மலையில் எங்கள் பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

துரைக்கு முகம் சிவந்தது. ஆனால் சாமி விஷயத்தில் கை வைத்தால் ஒரு ஆள்கூட வேலைக்கு வரமாட்டான் என்பது எந்தத் துரைக்கும் தெரியும். கரடியைப் பார்த்தார், கயிற்றை விட்டவர்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு பங்களாவுக்குப் போய்விட்டார். கரடியைக் கும்பிடுகிற ஆள் எனக்கு வேண்டாம் என்று மத்தியானமே சொல்லி அனுப்பினாராம்.

அன்று அழுத மாமியாரின் வேலைதான் இது என்று நினைத்து, சாயந்திரம் காம்பராவுக்குள் நுழைந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஊரே சிரிக்குது. ஏன் அத்தை இப்புடிச் செஞ்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியமா நான் அந்தப் பட்டிப் பக்கமே போகல தாயி" என்றார் அவர்.

அடுப்போரத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல், "அம்மாவ ஏசாத. கட்டுனது நான்தான்" என்றார்.

அப்படியே அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"தொரைகிட்ட முடியாதுன்னா பத்துச்சீட்டு. சாமிக்குப் பயமுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வேற வழி தெரியல புள்ள. போன தடவ நான் வர்றதுக்குள்ள..."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாளாக இந்த மனிதரின் வாயைக் கிளறிக் கிளறிக் கரடியைப் பற்றியே கேட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. "அப்ப உங்களுக்குப் போக ஆசையே இல்லையா?" என்றேன்.

"இல்லாமயா? குதிரையில ஏத்திக் கூட்டிட்டுப் போவாங்கன்னு தொரை சொன்னதுலருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டு, விறகைத் தள்ளிவிட்டார்.

துரை தனியாகவே கப்பல் ஏறினார். நாய்கள் என் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்தன. மழை விடாமல் அடித்த ஒரு காலையில் எனக்கு வலி கண்டது. மகள் பிறந்ததும் லயமே அதிரக் கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டுக் கதவுக்கு வெளியே அவர் விக்கி விக்கி அழுதது உள்ளே எனக்குக் கேட்டது.