பச்ச வயர்

எங்கள் தெருவில் அந்த வண்டியை யாரும் கேரவன் என்று சொல்லவில்லை. சூட்டிங் வண்டி என்றார்கள். பெங்களூரில் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு ஓடி ஓய்ந்த பழைய வேன் அது. உள்ளே ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு டாய்லெட். அதை வாங்கி வந்து ஓசூர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எதிர்வீட்டுக்காரர், "ஹீரோ எப்ப சார் வெளிய வருவாரு?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

வண்டி என் மனைவிக்காக. முதுகெலும்பில் அடிபட்டு மூன்று வருடமாக அவள் படுக்கையில் இருக்கிறாள். சாய்த்து உட்கார வைத்தாலும் அரைமணி நேரம் தாங்க மாட்டாள். அவளுடைய அம்மா இருப்பதோ திருச்செந்தூர்ப் பக்கம். ஒருமுறை ரயிலில் ஏற்றிப் பார்த்தேன். சேலத்திலேயே இறக்கித் திரும்பக் கூட்டி வர வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸ் பேசட்டுமா என்றால், "அதுல போயி எறங்குனா எங்கம்மா என்னைய எங்க பாக்கப் போறா, வண்டியப் பாத்தே உசுர விட்டுருவா" என்பாள். படுத்துக்கொண்டே போகலாம், பார்க்கிறவர்களுக்கு டூர் வந்த மாதிரி இருக்கும் என்பதால்தான் கேரவன்.

வாங்கிய வாரம் குந்தாரப்பள்ளி வரைக்கும் ஒத்திகை போனோம். அன்று சந்தை. ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்தபடி படுத்திருந்தவள், அம்மாவிடம் போனில், "வந்துட்டே இருக்கேம்னு வச்சுக்கோம்மா" என்றாள். அவ்வளவு தெளிவான குரலில் அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் அவள் தங்கை கூப்பிட்டாள். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், பெரியவ எங்க, பெரியவ எங்க என்று இவளைத்தான் கேட்கிறாள். நான் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பவில்லை.

கை கழுவும் தொட்டியின் குழாய் கசிந்து, தண்ணீர் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த ஈசிஎம்முக்குள் இறங்கியிருந்தது. எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று இன்ஜினுக்குக் கட்டளை போடும் பெட்டி அது. சூளகிரி ஹைவே ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பேரிகைக்காரர், வீட்டில் தெலுங்கு, கைவேலையில் சுத்தமான மனிதர். பெட்டியைப் பிரித்து, உப்புப் பூத்துக் கிடந்த போர்டை எனக்குக் காட்டினார். "இது முடிஞ்சிச்சி சார். இந்த மாடலு கம்பெனிலயே நிறுத்திட்டாங்க. ஒடைச்ச வண்டில இருந்து கெடச்சா மாத்தலாம்."

தேடாத இடமில்லை. கடைசியில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் காய்லாங்கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் வேறு வேலையை எல்லாம் போட்டுவிட்டு, நொறுங்கிக் கிடந்த ஒரு ஸ்கூல் வேனுக்குள் தானே தவழ்ந்து போய்ப் பெட்டியைக் கழற்றினார். தூசி தட்டி, வேறொரு வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். "நல்ல பெட்டி. அம்மாவப் பாத்துட்டு வரட்டும், துவா பண்றேன்" என்றார்.

பெட்டி சரி, அதன் சொருகி வேறு. ஒவ்வொரு வயராக வெட்டிச் சேர்க்க வேண்டும், பிறகு லேப்டாப்பை மாட்டி வண்டிச் சாவியோடு பழக்க வேண்டும். இரண்டு நாளாக எலக்ட்ரீஷியனும் நானும் சேர்த்தோம். எனக்கு இது அந்நிய வேலை அல்ல. இருபத்திரண்டு வருடம் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில்தான் குப்பை கொட்டினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கலந்து நிற்கும் எங்கள் லைனில் ஒரு விதி உண்டு. நிறத்தை யாரும் தன் பாஷையில் சொல்லக் கூடாது. மஞ்சளுக்கு ஒய், பச்சைக்கு ஜி, சிவப்புக்கு ஆர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லி மிரட்டுகிற ஆள் நான்தான்.

மூன்றாம் நாள் காலை மனைவியின் தங்கை மறுபடி கூப்பிட்டாள். "அம்மைக்கு மூச்சு இழுக்கு அத்தான்." போனை மனைவியின் காதில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். இன்னும் நாலைந்து வயர்தான் பாக்கி. எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார், நான் வெளியே பேட்டரியிடம் நின்றேன். சாயங்காலத்துக்குள் புறப்பட்டால் விடியும்போது சேர்ந்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர் சொன்னார்: "சார், அந்தப் பச்ச வயர ப்ளஸ்ல குடுங்க."

குடுத்தேன். பச்சை வயரைத்தான் குடுத்தேன்.

லேசாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது. வயர் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சென்சாரிலிருந்து வரும் மெல்லிய லைனுக்குள் பேட்டரியின் முழுக் கரண்டையும் விட்டிருக்கிறேன். பாய் கொடுத்த பெட்டி போய்விட்டது. அவர் எழுந்து வந்து என் கையைப் பார்த்தார். "நான் பச்ச சொன்னேன் சார். நீங்க ஆகுபச்ச குடுத்துட்டீங்களே" என்றார்.

அவர்கள் வீட்டுத் தெலுங்கில் வெறும் பச்ச என்றால் மஞ்சள். இலைப் பச்சைக்குத்தான் ஆகுபச்ச. இது எனக்குத் தெரியாததா? லைனில் அந்த விதியே இதற்காகத்தானே. ஆனாலும் நான் அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினேன். தமிழ்நாட்டில் தொழில் செய்கிறாய், தமிழில் ஒரு நிறம் சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு நம்மள்துதான் சார்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "எப்பக் கெளம்புதோம்?"

"பாய் குடுத்த பெட்டி சரியில்ல. பழுதான பெட்டியத் தலையில கட்டிட்டான்" என்றேன்.

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய் இல்லை அது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. குளிப்பாட்ட, புரட்டிப் போட, சோறு ஊட்ட என்று எல்லாவற்றுக்கும் அவள் நம்பியிருப்பது என் ஒருவனை. அந்த நம்பிக்கை போய்விடும் என்று பயந்தேன். அவன் இவன் என்று நான் பேசிய மனிதர் எங்களுக்காக துவா செய்துகொண்டிருந்திருப்பார்.

மறுநாள் அவளே பிடிவாதத்தை விட்டாள். "ஆம்புலன்ஸே பேசுங்க. அம்மா பயந்தா பயந்துட்டுப் போறா, எனக்குப் பாக்கணும்." அப்போதே பேசியிருக்க வேண்டும். ஆனால் சேலத்தில் இன்னொரு பெட்டி இருப்பதாக அன்று காலையில்தான் தகவல் வந்திருந்தது. வண்டியை ஓட வைத்துவிட்டால் நான் செய்தது செய்யாததாகிவிடும் என்று ஒரு கிறுக்கு. "நாளைக்கு நம்ம வண்டிலயே போயிரலாம்" என்றேன். அவளும் சரி என்றாள். சேலத்துப் பெட்டி வேறு நம்பர், மாட்டவே முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். வீடியோ காலில் போனைப் பிடித்து நான்தான் அவளுக்குக் காட்டினேன். அங்கே கூட்டத்தில் யாரோ தங்கையின் கையைத் தட்டிவிட, கொஞ்ச நேரம் பந்தல் துணி மட்டும் தெரிந்தது. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து எலக்ட்ரீஷியனே எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு பெட்டியை மாட்டினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. இப்போது வாசலில் நிற்கிறது. அவள் அதில் ஏறவில்லை, ஏறச் சொல்ல எனக்கும் வாயில்லை.

நேற்று மத்தியானம் ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி மென்றவள் சொன்னாள், "எங்கம்மா மொகத்தக் கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டாம்லா. அந்தப் பொட்டியக் குடுத்த கை வெளங்காமத்தான் போவும், பாருங்க."

"ஆமா" என்றேன். அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன்.