வெறும் வயிற்றில் ஜவ்வரிசி

மாத்திரையை விற்பது சுலபம். வாங்கியவர் அதை ஒழுங்காக விழுங்குவதற்குள் நம் பிராணன் போய்விடும். மருந்துக்கடை கவுண்டருக்குள் நின்று தொண்டை வற்றியவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம், புனே வானவடியில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருந்தேன். என் பொறுமையை அதிகம் தின்றவர்கள் வசந்தா டீச்சரும் அவர் கணவர் சுந்தரம் சாரும். மாதவிலக்கு நின்றபின் டீச்சருக்கு எலும்பு தேய்ந்து, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும்போதே மணிக்கட்டு முறிந்தது. அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று எச்சரித்து, டாக்டர் இரண்டு மருந்து எழுதினார்: தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, வாரம் ஒரு எலும்பு மாத்திரை.

உபவாசம்

எலும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மராத்தி டாக்டர் "உபாஷி போட்டி" என்றாராம். வெறும் வயிறு என்று அர்த்தம். டீச்சர் காதில் அது உபவாசம் என்று விழுந்துவிட்டது. திங்கட்கிழமை தோறும் விரதம் இருந்து, விரதத்துக்கான ஜவ்வரிசி கிச்சடி சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, விரதக் களைப்பில் படுத்தும்விட்டார். நெஞ்செரிச்சலுக்கு மருந்து கேட்டு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு, மாத்திரைக்கு முன்னால் கிச்சடியும் கூடாது டீச்சர் என்றேன்.

"உபவாசத்துக்கு ஜவ்வரிசி கிச்சடி ஆகும்னு புனே பூரா சொல்றது, நீ மட்டும் புதுசா சொல்றியேடி!"

சார் வந்த மாதம்

ஒருமுறை சார் சீட்டோடு வந்தார். எலும்பு மாத்திரையை வாங்கிக்கொண்டார். ஹார்மோனைக் கண்டதும் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். இதுவும் எலும்புக்குத்தான் சார் என்றேன். அவர் நம்பவில்லை.

"எனக்கு அடுத்த வருஷம் சஷ்டியப்தபூர்த்தி! இப்போ போய் இதெல்லாம் எதுக்கும்மா?"

திரும்பி வந்த விருந்தாளி

டீச்சரே வந்து ஹார்மோனை வாங்கிப் போனார். அந்த மருந்தில் மாதாமாதம் கொஞ்சம் ரத்தப்போக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். நவராத்திரி நடுவில் ஃபோன்.

"நின்னுதேன்னு நிம்மதியா இருந்தேன், மறுபடி ஆரம்பிச்சு வெச்சுட்டியே!"

பேப்பர் செய்தி

ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று பேப்பரில் வந்தது. பயம் நியாயம்தான். ஆனால் சார் ஒரேயடியாக இரண்டையும் நிறுத்திவிட்டார். ஹார்மோனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், எலும்பு மாத்திரையை மட்டுமாவது விடாதீர்கள், இரண்டும் போனால் எலும்புக்குத் துணையே இல்லை என்று வரிசையில் நின்றவர்கள் முன்னால் கெஞ்சினேன்.

"ரெண்டும் ஒரே சீட்டுல வந்தது. ஒருத்தன் திருடன்னா, கூட வந்தவன் மட்டும் யோக்கியனா?"

வாக்கர்

அடுத்த மழைக்காலத்தில் சார் வாக்கர் கேட்டு வந்தார். டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாக்கரை எடுத்து வைத்தேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ, அன்னிக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அதற்கப்புறம் அழுத்தித்தான் சொல்கிறேன். வானவடித் தமிழர்கள் எங்கள் கடைக்குச் 'சண்டைக்காரி மெடிக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.