ஹெரெஸ் சுண்ணாம்பும் ஆம்பூர்ச் சுண்ணாம்பும்

பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம் எங்கள் ஆம்பூர் மாதா கோயிலுக்கு ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் தெற்கே ஹெரெஸ் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர்தான் எங்கள் சாமியாரும். உலகச் சண்டை வந்தது, கப்பல் நின்றது. இருந்த ரசத்தைச் சாமியார் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தார். பெங்களூரிலிருந்து திராட்சைக் குச்சிகள் வரவழைத்து, வீட்டுக்கு ஒன்று வளர்க்கச் சொல்லி ஊர்த்தெருவுக்குக் கொடுத்தார். சேரியிலிருந்து நான் போய்க் கேட்டு வாங்கினேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற கூலிக்காரிக்குத் திராட்சை எதற்கு என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், பல் அவர்களுடையது.

கோயில் கூட்டுகிற வேளையில் சாமியாரிடம் அவர் ஊர்க் கொடியைப் பற்றி விசாரிப்பேன். அங்கே பந்தல் கிடையாதாம். கொடி முழங்கால் உயரத்தில் செடிபோல நிற்குமாம். கோடை முழுக்க மழை இல்லை. ஆனால் மண் சுண்ணாம்பாய் வெளுத்திருக்குமாம். அது குளிர்கால மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்குமாம். பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை அந்த மண்ணில்தான் நன்றாக விளையும் என்றார்.

சுண்ணாம்புதானே, நம் ஷாப்பில் தொட்டி தொட்டியாகக் கிடக்கிறதே என்று, தோல் ஊறிய சுண்ணாம்பை நாலு கூடை அள்ளிவந்து வேரில் கொட்டினேன். எட்டாம் நாள் கொடி கருகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "தோலு சுண்ணாம்புக்கு மயிர உதுக்கத்தான் தெரியும். ஒன் கொடிக்கு எலய உதுத்துடுச்சி, போ," என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு அழுகை வந்தது.

வெட்கத்தை விட்டு மறுபடியும் குச்சி கேட்டேன். இந்தமுறை பாலாற்று வண்டலைக் கொட்டி நட்டேன். வெள்ளை மண் எதற்கு, ஈரத்தைப் பிடித்து வைக்கத்தானே? ஷாப்புக்கு வெளியே மழையில் மக்கிக் கிடந்த பட்டைச் சக்கையை வேரைச் சுற்றிப் பரப்பினேன். மண் காயவே இல்லை. இரண்டு வருஷத்தில் கொடி முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. இலை மட்டும்தான், பூ இல்லை. ஊர்த்தெருக் கொடிகளும் அப்படியே. "எங்கள் ஊரில் குளிர் வந்தால் கொடி தூங்கும். தூங்கி எழுந்தால்தான் பழம். இங்கே குளிருக்கு எங்கே போவது?" என்று சாமியார் கையை விரித்தார்.

"தண்ணிய நிறுத்திட்டா தூங்காதா சாமி?" என்றேன். நிறுத்தினேன். இலைகளை உருவி, கிளைகளை இரண்டு கணு விட்டு வெட்டினேன். பைத்தியக்காரி என்றார்கள். பிறகு தண்ணீர் விட்டதும் துளிரோடு பூவும் வந்தது. ஆம்பூரில் அந்த வருஷம் என் கொடி ஒன்றுதான் காய்த்தது.

கோயிலுக்குள் ஊர்த்தெருவுக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. முன்வாசல் அவர்களுக்கு, பக்கவாசல் எங்களுக்கு. பழம் கறுத்ததும் கோயில் நாட்டாண்மைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "கூடைய எங்க வூட்டுப் பின்கட்டுல வெச்சிட்டுப் போ. எங்க பொம்பளைங்க பிழிவாங்க. சேரிக் கை பட்ட ரசம்னு பேச்சு வரக்கூடாது," என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வளர்த்த கை என்னுடையது, பெயர் அவர் வீட்டுக்கா? முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு சாமியாரிடம் போனேன்.

"இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டுமே," என்று அவர் இழுத்தார்.

"ஒங்க ஊர்ல திராட்சத் தோட்டத்த கொத்துறது யாரு சாமி? நாட்டாண்மைங்களா?"

அவர், "என் தகப்பனார் கூலிக்குக் கொத்தினவர்," என்றார். "முன்வாசல் வழியாகவே கொண்டுவா."

ஞாயிற்றுக்கிழமை கூடையோடு முன்வாசலில் நுழைந்தேன். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோரும் பார்க்க, பட்டைக் கறை ஏறிய இந்தக் கையாலேயே பிழிந்தேன். நாட்டாண்மைக்காரர் எழுந்து போய்விட்டார். நான் கடைசிக் குலைவரை பிழிந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ரசம் நுரைத்து அடங்கித் தெளிந்து, கோயில் திருநாள் பூசைக்கு வந்தது. திருநாளில் முதலிடம் நாட்டாண்மைக்கு. அவர் வராமல் இருக்க முடியாது. மணி அடித்தது. சாமியார் என் ரசம் இருந்த கிண்ணத்தை உயர்த்தினார்; அப்போது எல்லோரும் தலை குனிய வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நாட்டாண்மைக்காரர் முழங்காலிட்டுத் தலை குனிந்தார். நானும் முழங்காலில்தான் இருந்தேன். தலையை மட்டும் குனியவில்லை. பாவம் என்றால் பாவம்தான். அவர் குனிந்ததை நான் பார்க்க வேண்டியிருந்தது.