அக்காவின் பாறைத் தொட்டி

எதிர்வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். காலையில் ஆரம்பிக்கிற மிஷின் சத்தம் பொழுது சாயும்வரை ஓய்வதில்லை. டி.வி.யில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழுவதே இல்லை, அது ஒருவகையில் நல்லதுதான். தூசி பறக்கக் கூடாது என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி அறுப்பதால், அந்த ஈரக் கல்பொடி வாசனை வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நிற்கிறது. கொஞ்சம் தீய்ந்த மாதிரியும், கொஞ்சம் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த மாதிரியும் இருக்கிறது. "சன்னலச் சாத்துங்களேன்" என்கிறாள் என் வீட்டுக்காரி. எழுந்து போக வேண்டுமே! இப்போதெல்லாம் எதற்கு எழுந்திருக்கவும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. அதுவும் போக, இந்த வாசனை வந்தால் எனக்கு என் அக்கா ஞாபகம் வந்துவிடும். மதுரைக்காரனுக்கு மல்லிகைப் பூவில் அக்கா ஞாபகம் வந்தால் நியாயம், கல்பொடியிலா என்று நீங்கள் கேட்கலாம். என்ன செய்ய, எனக்கு வாய்த்தது இதுதான்.

அந்தக் காலத்தில் நான் டவுனுக்குள் ஒரு சானிட்டரி கடையில் சேல்ஸ்மேன். டாய்லெட், வாஷ்பேசின், குழாய், டைல்ஸ் எல்லாம் விற்போம். கடை வாசலில் பார்வைக்காக ஒரு பாத்டப் போட்டிருந்தோம், வெள்ளை வெளேரென்று இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அப்புறம் "எம்புட்டுத் தண்ணி பிடிக்கும்ணே?" என்று கேட்பார்கள். சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு பக்கெட்டும் மக்கும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக் கிடக்கிற ஊரில் யார் அதை வாங்குவார்கள்? நாங்கள்தான் எங்கள் ஹெல்மெட்டையும் டிபன் பாக்ஸையும் அதில் போட்டு வைத்திருந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் நான் ஒரு பாத்டப்பில் படுத்ததில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது.

அக்காவைச் சமயநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்குக் கொஞ்சம் தோட்டம், கூடவே சிமெண்ட் வியாபாரம். பிறந்த வீட்டில் இருந்தபோது அக்கா குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டாள். ஒரே ஒரு குளியலறை, வீடு நிறைய ஆட்கள். அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து போவாள். "உள்ள என்னதான்டி பண்ற?" என்றால், "சும்மா இருக்கேம்மா" என்று குரல் வரும். அவ்வளவு ஜனத்துக்கு நடுவே அவள் சும்மா இருக்க வேறு இடம் ஏது?

அப்படிப்பட்டவள் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று, வாக்கர் வந்தது, நடையும் வந்தது. ஆனால் தாழ்வான முக்காலியில் உட்கார முடியவில்லை, பிடிமானம் இல்லாமல் நிற்கவும் முடியவில்லை. மச்சானின் தங்கை அடுத்த தெருவில் இருந்தாள். காலையில் வந்து அவள்தான் அக்காவைக் குளிப்பாட்டுவாள். தங்கமான மனுஷி, குறை சொல்ல முடியாது. ஆனால் முதுகு தேய்க்கும்போதே தெருக்கதை பூராவும் சொல்லி முடித்துவிடுவாள். நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்தவுக கழுவிக் கழுவி, இது என் உடம்பு மாதிரியே இல்லடா தம்பி. ஒரே ஒரு நாளு நானாக் குளிச்சாப் போதும்டா."

 காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் மச்சானிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, ஒங்க கடையில படுத்துக் குளிக்கிற தொட்டி இருக்குல்ல, அது என்ன அளவு?"

ஆஹா, கடைசியில் ஒன்று போகப்போகிறது என்று நான் நீள அகலம் எல்லாம் ஒப்பித்து, கலர்கூட இருக்கிறது என்று ஆசை காட்டினேன்.

"வாங்குறதுக்கு இல்ல மாப்ள. அதுல விளிம்பு ஒசரம். அவளால காலத் தூக்கி வைக்க முடியாது. வழுக்கும் வேற. நம்ம வீட்டுப் பின்னால கெடக்குற பாறையில வெட்டிரலாமான்னு பாக்குறேன்."

வெயிலில் மச்சானுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பாறை ஒரு காரைவிடப் பெரிசு. பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. வீடு கட்டும்போது அதை எடுக்க வேண்டுமானால் வெடி வைக்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்துபோகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்மேல் மிளகாய் காயும், போர்வை காயும். ஆனால் நேரில் போய்ப் பார்த்தபோது மச்சான் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாறையின் ஒருபக்கம் தரையோடு தாழ்ந்து வந்தது. அந்தப் பக்கம் அகலமாகப் படி வெட்டினால் வாக்கரோடு ஏறிவிடலாம். விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பி, உள்ளே வெட்டுகிற திட்டுக்கு இறங்கி, அப்படியே சாய்ந்துகொள்ளலாம். எங்கே பிடித்தாலும் கல், ஆடாது அசையாது. பகலெல்லாம் வெயிலில் கிடக்கிற பாறை என்பதால் சாயங்காலம் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். "மேல கூரை வேணாம், சுத்திச் சுவரு மட்டும் போதும்" என்றார். வைகையிலேயே தண்ணியக் காணோம், இவர் பொண்டாட்டிக்குத் தெப்பக்குளம் வெட்டுறாராம் என்று தெருவில் கேலி பேசினார்கள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும் என்று சொல்லிச் சொல்லி மச்சானுக்குத் தொண்டை வற்றியது.

வெட்ட வந்தவர் பாண்டி அண்ணன். பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சாமிக்கு வெட்டிருக்கேன், மாட்டுக்கு வெட்டிருக்கேன். மனுசன் படுக்குறதுக்கு வெட்டுனதில்லண்ணே. படுக்கிற ஆளுக்கு அளவு வேணுமே?"

அக்கா அதற்குள் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "நாந்தான் ஆளு. எப்படிப் படுக்கணும்?"

பாண்டி அண்ணன் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "யக்கா, வேணாம்க்கா. உசுரோட இருக்குறவுகளப் படுக்க வச்சு அளவெடுக்கக் கூடாது. அது குழிக்கு எடுக்கிற அளவு."

மச்சானின் தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யோசனை சொன்ன மச்சானே முகம் வெளுத்துப்போய், "நீ உள்ள போ" என்று அக்காவை அதட்டினார்.  அப்புறம் ஒவ்வொருத்தராக என்னைப் பார்த்தார்கள்.

"தம்பியும் அக்காவும் ஒரே ஒசரந்தானே?" என்றாள் மச்சானின் தங்கை.

"அப்ப நான் உசுரோட இல்லையா?" என்று கேட்டேன்.  பரிகாரத்துக்கு என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். கொதிக்கிற பாறையில் முதுகு வெந்துபோக, எலுமிச்சம்பழத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன். பாண்டி அண்ணன் என்னைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டார். இந்த வீட்டில் மாப்பிள்ளை முறைக்குக் கிடைத்த மரியாதை இது.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. மிஷினால் நெருக்க நெருக்கமாகக் கோடு அறுப்பார்கள். நடுவில் அப்பளம் மாதிரி நிற்கிற கல்லை உளியால் தட்டி எடுப்பார்கள். மறுபடியும் அறுப்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். அந்த ஈரக் கல்பொடி வாசனை வாசலிலேயே வரவேற்கும். அக்கா பின்வாசலில் நாற்காலி போட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "தூசி ஆகாதுக்கா" என்றால், "நீ ஒன் சோலியப் பாரு" என்பாள். அப்படி ஒரு அவசரம் அவளுக்கு.

ஒருவழியாக முடிந்தது. தண்ணீர் விடுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அக்காவைக் கூட்டி வந்தோம். படி ஏறினாள், விளிம்பில் உட்கார்ந்தாள், காலைத் திருப்பினாள். எல்லாம் சரியாக வந்தது. உள்ளே இறங்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் கல்லில் பிடித்துக்கொண்டது.

பிடிக்காமல் என்ன செய்யும்? அளவு கொடுத்த நான் அப்போது ஒல்லிப்பிச்சான். பிள்ளை பெற்று, ஆபரேஷனும் ஆகி, படுக்கையிலேயே கிடந்தவள் அக்கா. நீளத்தைப் பார்த்தார்களே தவிர அகலத்தை ஒருத்தரும் நினைக்கவில்லை. மச்சானின் தங்கை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம்.

பாண்டி அண்ணன் பக்கச்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "இங்கன ரேகை ஓடுது. இஷ்டத்துக்குத் தட்டுனா விரிஞ்சிரும். சரியான அளவு தெரிஞ்சா அம்புட்டு மட்டும் எடுத்துப் பாக்கலாம். தெரியாமக் கைவைக்க மாட்டேன்."

"விடு பாண்டி" என்றார் மச்சான். "அவளுக்குக் குடுத்து வைக்கல. முன்ன மாதிரியே குளிப்பாட்டிக்கலாம்."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "என்னையத் தரையில படுக்க வைங்க."

மச்சானின் தங்கை எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே ஓடினாள்.

"செத்துப் போயிருவேன்னு இம்புட்டுப் பயப்படுறீகளே, இப்ப நான் இருக்குறது என்ன இருப்புன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா? படுக்க வைங்க. அளவெடுங்க."

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தோம். எலுமிச்சம்பழம் கொண்டுவந்த கையை அவள் தட்டிவிட்டாள். பாண்டி அண்ணன் சாக்பீஸைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். மச்சான்தான் வாங்கினார். மண்டியிட்டு, தோளிலிருந்து கால்வரை அவளைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு கோணல்மாணலாகப் போனது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்த இடங்களில் சாக்பீஸ் பிடிக்கவே இல்லை. நானும் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பக்கச்சுவரைத் தட்டி அகலமாக்கியபோது நான் கடையில் இருந்தேன். "விரியாம நின்னுருச்சு மாப்ள!" என்று மச்சான் போனில் கத்தினார். ஒரு வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முதலாளி திட்டியது தனிக்கதை.

சாயங்காலத் தண்ணீர் நிஜமாகவே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவும் போட்டிருந்தார்கள், அக்கா வாக்கரோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வாழைமரத்தடியில் நின்றோம். மச்சான் கதவுவரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் மச்சான்.

"குளிக்கிறேன்."

"ஏதாச்சும் வேணுமா?"

"ஒருத்தரும் வேணாம்."

மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் அக்கா அதில் குளித்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தூக்கத்திலேயே போய்விட்டாள். நெஞ்சுவலி என்றார்கள். அன்றைக்கு அளவெடுத்ததால்தான் என்று மச்சானின் தங்கை அழுதாள். அவளோடு யார் வாதாடுவது? குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "பின்னாடிதான் தொட்டி இருக்கே, அதுல படுக்க வச்சு ஊத்திருவோம், தோதா இருக்கும்" என்றார். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த மச்சான் எழுந்துவிட்டார்.

"அங்க வேணாம். அங்க அவளுக்கு யாரும் ஊத்துனதில்ல."

முற்றத்தில் பெஞ்சு போட்டுத்தான் குளிப்பாட்டினார்கள்.

மறுநாள் நான் பின்னால் போய்ப் பார்த்தேன். முந்தாநாள் சாயங்காலம் அவள் குளித்த தண்ணீர் அப்படியே நின்றது. அடைப்பானைப் பிடுங்கப் போனேன். "விடு மாப்ள, தானா வத்தட்டும்" என்றார் மச்சான். தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். வற்றியதற்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது மச்சான் கே.கே. நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். சமயநல்லூர் வீட்டை விற்றாயிற்று. வாங்கினவர்கள் நல்ல மனுஷர்கள்தான், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மிஷின் வைத்துப் பாறையை உடைத்துவிட்டார்கள். அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். சுவரும் இல்லை, கதவும் இல்லை. மச்சானிடம் நான் சொல்லவில்லை. போனில் பேசும்போது அவரும் மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார், அதை மட்டும் கேட்பதில்லை.